செம்மறிக் கிடைக்கு ஓட்டல் ஆட்-ஆன்

திரையின் ஓரத்தில் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. சோற்றில் கல் கடித்த மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கும். அதை அழுத்தவும் பயம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோவில்பட்டியில் என் பிழைப்பு ஓடுகிறது.

விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். உளுந்து, பாசிப்பயறு கொள்முதல், விதை விற்பனை, வரி எல்லாம் ஒரு இலவச மென்பொருளில் ஓடுகின்றன. அது வெறும் நான்கு சுவர் வைத்த வீடு மாதிரி. கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றையும் ஆட்-ஆன் என்ற பெயரில் உலகத்தில் யார் யாரோ எழுதி, 'எடுத்துக்கொள்' என்று போட்டுவைத்திருக்கிறார்கள். வேண்டியதை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். ஒரே தொல்லை, ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கும். எதைத் தொட்டால் எது ஆடும் என்று பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் உறுப்பினர்களுக்கு வருடா வருடம் ஒரு சண்டை உண்டு. அறுப்பு முடிந்த புஞ்சையில் ராத்திரி செம்மறி மந்தையை வலை கட்டி அடைத்துக் கிடை மறித்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கி, அடுத்த வெள்ளாமை நின்று விளையும். உரக்கடைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன், அதற்கு ஈடு கிடையாது. ஆனால் கிடை ஒன்று, புஞ்சை பல. கிடைக்காரர் யார் கேட்டாலும் "சரி" என்றுவிடுவார். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கடைசியில் ஒரே ராத்திரிக்கு மூன்று பேர் அவருக்குச் சோறு பொங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கம்ப்யூட்டரிலேயே முறை போட்டுக் கொடு என்று நிர்வாகக் குழு என் தலையில் கட்டியது.

ஆட்டுக் கிடைக்கு இந்த உலகத்தில் எவரும் ஆட்-ஆன் எழுதியிருக்கவில்லை. தேடித் தேடி, ஓட்டல் அறைப் பதிவுக்கு ஒன்று கிடைத்தது. வருகிற நாள், போகிற நாள், காத்திருப்போர் வரிசை, தானாகப் போகும் மெசேஜ் என்று எல்லாம் இருந்தது. கிடையை அறையாக்கினேன், விவசாயிகளை விருந்தினராக்கினேன். எங்கள் பக்கத்தில் அறைதான் விருந்தினரைத் தேடி நடந்து போகும், அவ்வளவுதான் வித்தியாசம். 'அறை சுத்தம் செய்தாயிற்றா?' என்று ஒரு கட்டம் இருந்தது. அசுத்தத்துக்காகத்தானே கூப்பிடுகிறோம் என்று அதை மறைத்துவிட்டேன். இரண்டு வருடம் சண்டை இல்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

போன வருடம் கடைசி முறை சித்திக்கு. சொந்தச் சித்தி இல்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். கயத்தாறு ரோட்டை ஒட்டிய ஊரில் முதல் தடவையாகத் தன் பெயரிலேயே ஒரு புஞ்சையைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். முன்னால் வைத்திருந்தவர் மூட்டை உரத்தையே கொட்டிக் கொட்டி, அந்த மண் செத்துக் கிடந்தது. கிடை அடைத்தால் எழுந்துவிடும் என்பது சித்தியின் கணக்கு. புரட்டாசிக் கடைசியில் மூன்று ராத்திரி அவருக்கு. அதற்குள் மழை விழுந்துவிட்டால் போச்சு. ஈரக் கரிசலில் ஆடு நிற்காது. கிடைக்காரர் செம்மண் பக்கம் போய்விடுவார், அந்த வருடம் கிடை கிடையாது. சித்தி அலுவலகப் படியேறும்போதே கேட்டுக்கொண்டுதான் வருவார்:

"ஏட்டி, என் ரூம் இருக்கா?"

"பத்திரமா இருக்கு சித்தி."

அந்த வாரம் பார்த்து ஆடிட்டர், வரிக்கான ஆட்-ஆனுக்குப் புதிய பதிப்பு போட்டே ஆகவேண்டும் என்று நின்றார். அது மெசேஜ் அனுப்புகிற ஆட்-ஆன் மேல் சாய்ந்திருந்தது. ஓட்டல் ஆட்-ஆனும் அதன் மேலேயே சாய்ந்திருந்தது. ஆக மூன்றையும் சேர்த்துத்தான் ஏற்ற முடியும். நகல் எடுத்து, அதில் ஏற்றி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக ஓடியது. பிறகுதான் உண்மையானதில் ஏற்றினேன்.

மறுநாள் சாயங்காலம் சித்தி போன் செய்தார்.

"ஏட்டி, கெடை வரலை. சோறு எறக்கி வச்சாச்சு, வெளிச்சம் போவுது. ஒன் கம்ப்யூட்டர்ல என்னதான் போட்டிருக்கு?"

திறந்து பார்த்தேன். சித்தியின் பெயர் மங்கிப் போயிருந்தது. பக்கத்தில் 'விருந்தினர் வரவில்லை, பதிவு ரத்து' என்று இருந்தது. புதிய பதிப்பில் யாரோ ஒரு வசதி சேர்த்திருக்கிறார்: மதியத்துக்குள் வந்து சேராத விருந்தினரின் அறை, காத்திருப்போர் வரிசையில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். கிடை வந்துசேர்வது பொழுது சாய்ந்து. நான் அதைப் பதிவது மறுநாள் காலையில். ஓட்டல்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தன் புஞ்சையில் கால் கடுக்க நிற்கிற மனுஷியைப் பார்த்து வரவில்லை என்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கிடைக்காரரைப் பிடித்தேன்.

"மெசேஜ் வந்துச்சே தாயி. அவிய வேண்டாம்னுட்டாவளாக்கும்னு நெனச்சேன். மேக்க வந்து வலை கட்டியாச்சு."

"இப்ப திருப்ப முடியாதா அண்ணாச்சி?"

"குட்டிய வச்சிக்கிட்டு இருட்டுல நாலுவழி ரோட்டத் தாண்டவா? காலையில பாப்போம்."

என்னிடம் 'ரத்து' பட்டன் இருந்தது, 'மீட்டெடு' பட்டன் இருந்தது. இரண்டு நொடியில் சித்தியின் பெயரைத் திரையில் பழையபடி கொண்டுவந்துவிட்டேன். ஆடு அங்கேயேதான் இருந்தது. சித்தியிடம் நாளைக்கு வந்துவிடும் என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மேற்கே போனேன். தன் புஞ்சையில் கிடை அடைக்க வைத்திருந்த விவசாயி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது நீங்க அனுப்புனதுதான? நானும்தான சோறு பொங்கிப் போட்டேன்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. கெஞ்சினேன். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. நான் அவரைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றதைக் கண்டு அவருக்கே பாவமாகிவிட்டது போல.

"சரி, ஒரு ராத்திரி ஆச்சு. ஓட்டிட்டுப் போவச் சொல்லுங்க. அடுத்த வருசம் மொதப் பேரு எனக்கு."

ஆட்டை அவசரப்படுத்த முடியாது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மேய்ந்துகொண்டே நடக்கும். தண்ணீரைக் கண்டால் நிற்கும். காரணமே இல்லாமலும் நிற்கும். நான் ஸ்கூட்டியில் முன்னால் போவேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். "நீ வீட்டுக்குப் போ தாயி, ஆடு மெரளுது" என்று கிடைக்காரர் விரட்டினார். போகவில்லை. நாலுவழி ரோட்டில் துப்பட்டாவை வீசி லாரிகளை நிறுத்தினேன். ஒரு டிரைவர் என்னைத் திட்டியது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

பொழுது சாயும்போது சித்தியின் புஞ்சையில், வண்டிப்பாதை ஓரத்தில் வலை கட்டினார்கள். சித்தி மறுபடியும் சோறு பொங்கியிருந்தார். எனக்கும் ஒரு தட்டு போட்டார். கிழக்கே மின்னியது. வீடு திரும்பியும் ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

விடியும் முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் கும்பிட்டு வரவேற்கிற மழை. நான் மட்டும் அதைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் போனபோது கிடைக்காரர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"குட்டிக்குக் காலு புதையுது தாயி. இனி இங்கன நிக்காது."

சித்தி அவரோடு வாதாடவில்லை. அந்த வாரமே உளுந்து விதைத்துவிட்டார்.

மதிய விதியை நீக்கினேன். அந்த ஆட்-ஆனை எழுதியவருக்கு, இப்படி ஒரு விதியைப் போட்டால் அதை நிறுத்திவைக்கவும் வழி வையுங்கள் என்று காட்டமாகவே எழுதினேன். மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார். நல்ல மனிதர். உங்கள் ஓட்டல் எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்திருந்தார். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மார்கழியில் சித்தி என்னை வரச் சொன்னார். வண்டிப்பாதையில் நின்று பார்த்தேன். அந்த ஒரு ராத்திரி வலை கட்டியிருந்த இடம் மட்டும் கருகருவென்று, கட்டம் போட்டு வெட்டிவைத்த மாதிரி தெரிந்தது. முழங்கால் உயரத்தில் செடி, கொத்துக் கொத்தாகக் காய். கட்டத்தைத் தாண்டி அடுத்த அடியிலேயே உளுந்து வெளுத்துப்போய், கணுக்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. புஞ்சையின் கடைசி வரைக்கும் அப்படித்தான்.

சித்தி ஒரு செடியை விலக்கிக் காயைக் காட்டினார். பிறகு நிமிர்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"மிச்சமும் இப்படித்தானட்டி இருந்திருக்கும்" என்றார்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.