போலந்துக்கு ஒரு தேதி

1999-இல் ஒரு செவ்வாயன்று காலை, டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றபோது, பின்னிருக்கையிலிருந்து மாக்தா கேட்டார்: "எங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் எப்போது சேரும் என்று நினைக்கிறீர்கள்?"

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து ஒரே காரில் வேலைக்குச் செல்லும் மூவர் நாங்கள் – வண்டி ஓட்டும் நான், சேலத்துச் சுந்தர், போலந்து நாட்டவரான மாக்தா.

கேட்டது அரசியலன்று. மாக்தாவின் கணவர் போலந்தில், கிராக்கோவில் இருக்கிறார். ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டால் போலந்திலேயே நல்ல வேலை கிடைக்கும், திரும்பி வா என்கிறார். மாக்தா இங்கே வேலை செய்யும் நிறுவனமோ கிரீன் கார்டு விண்ணப்பத்தில் வெள்ளிக்குள் கையொப்பம் கேட்கிறது. போவதா, இருப்பதா?

நான்கு ஆண்டுகளாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் எனக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான்: முன்னே விண்ணப்பித்தவர் முன்னே நுழைவார். "உங்கள் நாடு எப்போதோ விண்ணப்பித்துவிட்டதே. இரண்டே ஆண்டுகள்" என்றேன்.

"சார், சும்மா அடிச்சு விடாதீங்க" என்றார் சுந்தர், தமிழில். "துருக்கி இவங்களுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிட்டு உக்காந்திருக்கு."

"அப்ப எதை வெச்சுய்யா சேர்க்கறாங்க?"

"ரெடியா இருக்கணுமாம். சட்டம், கோர்ட்டு, பால் பண்ணை வரைக்கும் செக் பண்றாங்க. இவங்க ரெடி ஆனாலும், உள்ளே இருக்கறவங்க ரெடி ஆகணும்."

தயாரானால்தான் தேதி, தேதி தெரியாமல் எப்படித் தயாராவது? அந்தக் குழப்பத்தில் – வெட்கத்திலும்தான் – சுந்தர் சொன்னதை மாக்தாவுக்கு ஆங்கிலத்தில் சொல்லாமல் விட்டேன்.

வியாழனன்று மாக்தா சொன்னார்: "இரண்டு ஆண்டுகள்தானாம், வந்துவிடுகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்."

வண்டியை ஓரங்கட்டி, துருக்கிவரை அனைத்தையும் ஒப்புக்கொண்டேன்.

"துருக்கி எனக்கும் தெரியும்" என்றார் மாக்தா.

"பிறகு ஏன் என்னைக் கேட்டீர்கள்?"

"கணவர் இரண்டு என்கிறார். அப்பா பத்து என்கிறார். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஒன்றியத் தலைமை எதுவுமே சொல்வதில்லை. நீங்களும் இரண்டு என்றதால் பெரும்பான்மை ஆகிவிட்டது."

"நல்ல எலெக்‌ஷன் சார். கள்ள ஓட்டு உங்களோடது" என்றார் சுந்தர்.

வெள்ளி மாலை, வீடு திரும்புகையில் மெல்லக் கேட்டேன்: கையொப்பமிட்டீர்களா?

இல்லையாம். விமானச் சீட்டும் வாங்கவில்லையாம். இன்னும் தயாராகவில்லை, அவகாசம் வேண்டும் என்று நிறுவனத்திடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"எத்தனை நாள் கேட்டீர்கள்?"

"அவர்களும் அதைத்தான் கேட்டார்கள். தேதி எதுவும் சொல்ல முடியாது என்றேன்."

தேதி சொல்லாத பிரஸ்ஸல்ஸ்காரர்களை இனி எந்த முகத்தோடு ஏசுவது...?