தாய்மாமன் சீரில் வந்த மீன்தொட்டி

என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது அவளுடைய தாய்மாமன், அதாவது என் மனைவியின் அண்ணன், "இன்னா வேணுமோ கேளு, மாமன் செய்றேன்" என்றார். பீரோ கேட்பாள், வளையல் கேட்பாள் என்று எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மீன்தொட்டி கேட்டாள்.

மச்சானுக்குச் சின்னசேலத்தில் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கும் ஷோகேஸுக்கும் கண்ணாடி அறுத்துப் பழகிய கை. அவரே உட்கார்ந்து அறுத்து, பசை வைத்து, நாலடி நீளத்தில் ஒரு தொட்டியைச் செய்தார். சீர் வந்த அன்று அதைத்தான் ஊரே வேடிக்கை பார்த்தது. சீர்ப் பொருளை வெறுமையாகக் கொண்டுவரக் கூடாது என்று தொட்டிக்குள் ஆப்பிள், சாத்துக்குடி, நடுவில் ஒரு பெரிய பலாப்பழம் என்று அடுக்கி, ரோஜா மாலை சாத்தி, மேளத்துக்குப் பின்னால் நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கண்ணாடி வழியாகப் பலாப்பழம் எல்லோரையும் பார்த்துக்கொண்டே வந்தது. பந்தலில் இருந்த என் சித்தப்பா ஒருவர், "சாமி ஊர்வலமாட்டம் இருக்குதேடா" என்றார்.

பழங்கள் தீர்ந்த பிறகு மீன் வந்தது. ஆஸ்கார் என்று ஒரு சாதி. வந்தபோது விரல் நீளம்தான். என் மகள் கொல்லையில் மண்புழு தோண்டித் தோண்டிப் போட்டு அதை என் உள்ளங்கையைவிடப் பெரிதாக வளர்த்துவிட்டாள். அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தாள். அதை இங்கே எழுதினால் இப்போதும் கோபித்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் விட்டு அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே அது கண்ணாடி ஓரம் வந்து நிற்கும். நான் வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த மீனைக் கண்டு எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்ததை மறைப்பானேன்.

பிளஸ் டூ முடித்து அவளுக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கரும்பும் மரவள்ளியும் போடத்தான் தெரியும். ஊரை விட்டுப் போய்ப் படிக்கிற முதல் ஆள் அவள்தான். ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது கண்ணெல்லாம் சிவந்து நின்றவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அப்பா, மீனு செத்துப் போச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டேன். வந்துடுவேன்."

நான் அதைப் பிள்ளைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். என் மனைவி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் சேலம் வந்ததும், "அவ சொன்னா செய்வா. அந்த மீன ஒழுங்கா பாத்துக்கணும். அவ படிச்சு முடிக்கணும்" என்றாள். என் மனைவி ஒன்பதாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவள். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத வருடங்கள் அவை. தொட்டியின் ஓரத்தில் தொங்கிய சின்ன ஃபில்டர் பாதி நாள் செத்துக் கிடக்கும். அந்த மீனோ தின்பதைவிடக் கழிப்பது ஜாஸ்தி. தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி ஆகி, மீனின் கண்ணுக்கு மேலே ஊசியால் குத்தினதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் மகள் போன் செய்வாள். எடுத்தவுடன் கேட்பது, "மீனு எப்டிப்பா இருக்குது?" குழிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சேலத்தில் மீன் கடைக்காரர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். "அந்த மீனுக்கு இந்தத் தண்ணி பத்தாதுங்க. கீழே ஒரு சம்ப் போடுங்க" என்றார். வீட்டுக்குத் தரையடியில் சம்ப் கட்டுகிற மாதிரி, மீன்தொட்டிக்கும் கீழே இன்னொரு தொட்டி. மேல் தண்ணீர் அதில் இறங்கி, கல்லிலும் பஞ்சிலும் வடிகட்டி, சின்ன மோட்டார் வழியாகத் திரும்ப மேலே ஏறும். இறங்குவதற்கு மேல்தொட்டியின் கண்ணாடியில் ஒரு துளை போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"சீரா வந்த சாமான்ல ஓட்ட போடுவாங்களா? இன்னா பேசறீங்க நீங்க?"

"தண்ணி போறதுக்கு ஒரு துளைதான்."

"எங்கண்ணன் குடுத்தத ஓட்ட போட்டோம்னு நாளைக்குப் பேச்சு வரும். பொண்ணுக்கு வந்த மொத சீரு. கூடாதுன்னா கூடாது."

இதில் வாதாட முடியாது. எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரம் நசுங்கினால்கூடத் தட்டி நிமிர்த்தி வைப்பார்களே தவிர, பழையதுக்குப் போடமாட்டார்கள். ஓட்டை போடாமலேயே சம்ப் வைப்பது என்று முடிவாயிற்று. நானும் இருபது வருடமாகக் கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டியவன். பைப்பும் தண்ணீரும் எனக்குப் புதிதா என்ன என்று நினைத்தேன். நினைப்பெல்லாம் பெரிதாகத்தான் இருந்தது.

மாட்டுக்குத் தண்ணி காட்ட நீளவாக்கில் அறுத்து வைத்திருந்த நீல டிரம்மின் ஒரு பாதியைத் தேய்த்துக் கழுவி, தொட்டி ஸ்டாண்டுக்குக் கீழே தள்ளினேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஓர் ஓடையில் கூழாங்கல் பொறுக்கி வந்து அதில் பரப்பினேன். அழுக்கைத் தின்கிற நுண்ணுயிர் ஒட்டி வளர ஏதோ பிளாஸ்டிக் பந்து போடவேண்டுமாம். என்னிடம் மரவள்ளிக் காட்டில் பழசாகிப்போன சொட்டுநீர்க் குழாய் சுருள் சுருளாகக் கிடந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி வலைப்பையில் கட்டிப் போட்டேன். மாடு மட்டும் தன் டிரம்மைத் தேடி இரண்டு நாள் கத்தியது.

தண்ணீர் இறங்குவதற்கு, விளிம்புக்கு மேலே வளைத்து ஒரு பைப். டிரம்மிலிருந்து டீசல் எடுக்கிற மாதிரி வாயால் உறிஞ்சி விட்டால் தானாக ஓடும். உறிஞ்சினேன். அந்த மீன் தண்ணீரின் ருசியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இறங்குகிற தண்ணீரும் மோட்டார் ஏற்றுகிற தண்ணீரும் சமமாகிற வரை வால்வைத் திருகித் திருகி மட்டத்தையும் பிடித்துவிட்டேன்.

கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். அப்போது தண்ணீர் இறங்காமல் நிற்க வேண்டும். தண்ணீரை நிறுத்திப் பிடிப்பது எது? எங்கள் ஊரில் எந்த விவசாயியைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: புட்வால்வு. கிணற்றுக்குள் பைப்பின் அடியில் மாட்டுவது. மோட்டார் நின்றாலும் பைப்பில் ஏறிய தண்ணீரைக் கீழே விடாது. பித்தளையில் சின்னதாக ஒன்று வாங்கி, தொட்டிக்குள் இருந்த பைப்பின் நுனியில் மாட்டினேன். மச்சான் வந்து பார்த்துவிட்டு, "எந்தொட்டிய மோட்டார் கொட்டாயா ஆக்கிட்டீங்களே மாப்ள" என்றார். கண்ணாடியைச் சுற்றித் தடவிப் பார்த்து எங்கும் ஓட்டை இல்லை என்று தெரிந்ததும் திருப்தியாகக் காப்பி குடித்தார்.

அடுத்த வாரம் தியாகதுருகத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். மத்தியானம் திரும்பிக் கதவைத் திறந்தபோது வாசல்படி வரை தண்ணீர். கரண்ட் இல்லை. டிரம் நிரம்பி வழிந்து, கூடம் முழுக்கக் குளம். மேலே தொட்டியில் புட்வால்வு முங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதில் மீன் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது.

"இன்னா நின்னுகினு பாக்கறீங்க" என்று என் மனைவி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிரம்மில் இருந்த தண்ணீரையே குடத்தில் மொண்டு மேலே ஊற்ற ஆரம்பித்தாள். நான் வாளியால் ஊற்றினேன். மட்டம் ஏறியது. மீன் நிமிரவில்லை. அவள் கையை உள்ளே விட்டு அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீன் நாற்றம் என்று அந்தத் தொட்டிப் பக்கமே வராதவள், நான் தரையைத் துடைத்து முடிக்கிறவரை கையை எடுக்கவே இல்லை.

துடைக்கும்போதுதான் என் புத்திசாலித்தனம் எனக்கே விளங்கியது. புட்வால்வு தண்ணீரைக் கிணற்றுக்குள் திரும்ப இறங்கவிடாது. மேலே ஏறுகிற தண்ணீருக்கு அது நன்றாகவே வாயைத் திறந்துவிடும். இங்கே தண்ணீர் ஏறித்தான் வெளியே போகிறது. நான் திருடன் போகிற வழியில் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வருகிற வழியில் பூட்டுப் போட்டிருந்தேன்.

மீன் தள்ளாடி நீந்தத் தொடங்கியிருந்தபோது மகளின் போன் வந்தது. அன்றைக்கு என்னால் மறைக்க முடியவில்லை. குழிகளையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"நான் கெளம்பி வரேம்பா."

'வாம்மா' என்கிற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அவள் இங்கேயே ஏதாவது ஒரு காலேஜில் படிக்கட்டுமே என்று தினமும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. என் முகத்தைப் பார்த்த என் மனைவி, ஈரக் கையோடு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மீனு உசுரோடதான் இருக்குது. இதோ நீஞ்சுது. நீ அங்கயே இரு. இத எப்டி சரி பண்றதுன்னு யாரையாவது கேட்டுச் சொல்லு. உங்கப்பா செய்வாரு."

மறுநாளே மகள் எங்கேயோ தேடிப் பிடித்துவிட்டாள். போனில் அவள் சொல்லச் சொல்ல நான் கூடத்துத் தரையில் சாக்பீஸால் பைப் வரைந்தேன். அம்மாவும் பொண்ணும் சேர்ந்து என்னைப் படாதபாடு படுத்தினார்கள்.

"வெளிய வந்த பைப்பு நேரா கீழ போவக் கூடாதுப்பா. கொஞ்சம் எறங்கி, மறுபடி மேல ஏறணும். தொட்டில தண்ணி நிக்கற மட்டத்துக்கு ஏறி, அங்கிருந்து வுழணும். வுழற எடத்துல மேல காத்து போக தெறந்து வுடு."

"எதுக்கும்மா இவ்ளோ சுத்து?"

"கரண்ட் போனா தொட்டித் தண்ணி அந்த மட்டம் வரைக்கும்தான் எறங்கும். அதோட நின்னுடும். பைப்புல தண்ணி அப்டியே நிக்கும். கரண்ட் வந்தா தானா ஓடும்."

என் மனைவி தரையில் இருந்த படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்னா எந்தப் பக்கம் ஓடும்? சரியாத்தான் சொல்றா" என்றாள்.

பைப்பை அறுத்து ஒட்டினேன். ஒருமுறை வளைவு குட்டையாகிப்போய் மறுபடி அறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, நானே மோட்டார் பிளக்கைப் பிடுங்கினேன். தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. பைப்பில் விழுகிற சத்தம் மெலிந்து, சொட்டாகி, நின்றது. டிரம்மில் இடம் மிச்சம் இருந்தது. பிளக்கைச் சொருகினேன். மோட்டார் முனகியது. கொஞ்ச நேரத்தில் சலசலவென்று தண்ணீர் விழத் தொடங்கியது.

"எனக்குக் கேக்குதுப்பா" என்றாள் மகள்.

அந்த வருடம் எனக்குக் கரும்பு நன்றாக விளைந்தது. அதைவிட இந்தச் சத்தம்தான் எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. மீனின் குழிகள் மெல்ல மூடின. நாளில் எத்தனை முறை கரண்ட் போனாலும் கூடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. போனிலும் பேச்சு மாறியது. மீனை விட்டு ஹாஸ்டல் சாம்பாருக்கு வந்து, அங்கிருந்து வார்டில் அவள் முதல்முறை ஊசி போட்ட கதைக்கு வந்தது. பிறகு சில நாட்கள் போன் வராது. மறுநாள் கேட்டால், "தூங்கிட்டேம்பா" என்பாள்.

பொங்கலுக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், பேச்சில் லேசாகக் கோயம்புத்தூர் ஏறியிருந்தது. டிரம்முக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகளைப் பார்த்துச் சிரித்தாள். மீனுக்கு ஒருவேளை புழு போட்டாள். மற்ற நேரமெல்லாம் ஹாஸ்டல் தோழிகளோடு போனில்தான். மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு, "அப்பா, நான் நாளைக்கே கெளம்பறேன். அவங்கல்லாம் முன்னாடியே வர்றாங்க" என்றாள். லீவு இன்னும் மிச்சம் இருந்தது.

சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்காக அந்தப் பாடு பட்டோமோ, அது நடந்துவிட்டது. பஸ் போன பிறகும் நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி தொட்டிக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து மீன் கண்ணாடி ஓரம் வந்து நின்றிருந்தது.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா."

நானும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு இந்த மீனு செத்திருந்தா, அவ இங்கயே இருந்திருப்பா இல்ல?" என்றாள்.

"இருந்திருப்பா" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, புழு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, மீனுக்குத் தீனி போட்டாள்.