மாமாவின் இடது கன்னம்

அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருஷமாக அவருக்கு இடது கன்னம் உப்பியே இருக்கும். உள்ளே புகையிலை. கல்யாணப் படத்தில்கூட அப்படித்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் பட்டறையில் வேலை. அங்கே பீடி பிடிக்கக் கூடாது, அதக்கிக்கொள்ளத் தடையில்லை.

அந்தக் கன்னத்தில்தான் புற்று வந்தது. எழுபதுகளின் நடுவில், பட்டணத்து ஆஸ்பத்திரியில் உட்சதையையும் தாடையெலும்பில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். வீடு வந்தபோது மூக்கில் ரப்பர் குழாய், இடது பக்கம் குழி. அக்கா குழாயில் கஞ்சி ஊற்றுவாள்; முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள்.

"வேற யாரையோ இட்டாந்துட்டியோன்னு கீதுடா" என்றாள் என்னிடம்.

அனுப்பும்போது டாக்டர், "மொத மாசந்தான் பயம். ஏதாவது மாறுதல் தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க" என்றிருந்தார். நான் டாக்டருக்குப் படிக்காமலேயே மருத்துவப் புத்தகம் படிக்கிறவன். மாறுதல் என்றால் மோசமாவது என்று நானே உரை எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் குழி தூர்ந்தது. பிறகு மேடானது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, மறுபடி அதக்கிக்கினியா?" என்றார். மாமா கோணலாகச் சிரித்தார். அக்கா அன்றுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பழைய புருஷன் திரும்பிவிட்டார். கன்னம் சூடாக இருந்தது. ரத்தம் ஓடுகிறது என்று விளக்கியது அடியேன். ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். மூக்குக் குழாயைப் படத்தில் அழித்துத் தருவதாக ஸ்டுடியோக்காரர் ஒப்புக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் பிதற்றினார். ரயிலேற்றிக் கொண்டுபோனோம். டாக்டர் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். சீழ்.

"எப்பலேர்ந்து வீக்கம்?"

"ஒரு வாரமா சார்."

"ஒரு வாரமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

போட்டோ எடுத்தோம் என்று எப்படிச் சொல்வது? அக்கா முந்திக்கொண்டாள்: "தேறிக்கினாருன்னு நெனச்சோம் சார். இவன் படிச்சவன், இவனே அப்டித்தான் சொன்னான்."

ஒன்பது நாள் இருந்தார். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அதற்கும் உரை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் எனக்குச் சாதகமாக வருகிறது, மறுநாள் வருவதில்லை.

படம் பிறகுதான் வந்தது. ஸ்டுடியோக்காரர் குழாயைச் சுத்தமாக அழித்திருந்தார், கன்னத்தைத் தொடவில்லை. அக்கா அதைத்தான் மாட்டியிருக்கிறாள். "நல்லாகீறப்போ எடுத்தது" என்று வருகிறவர்களிடம் சொல்கிறாள். நான் திருத்துவதில்லை. எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.