சென்னியப்பனின் சிரட்டை

முதலில் மோந்து பார்ப்பார். ரேடியோவைக் கொண்டுவந்தவர் அதை மேசைமேல் இறக்கிவைத்துவிட்டு, தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதற்குள், சென்னியப்பன் அதன் பின்பலகையோடு மூக்கை ஒட்டிவைத்துக் கண்ணை மூடியிருப்பார். வைக்கோலில் போட்ட மாங்காய் பழுத்துவிட்டதா என்று பார்க்கிற வியாபாரி மாதிரி இருக்கும். அரக்கு எரிந்த வாடை வந்தால் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. எலி மூத்திர வாடை வந்தால் உள்ளே ஒயர் கடிபட்டிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால், "நோவு பெருசில்லீங்க, உக்காருங்க" என்று முக்காலியைக் காட்டுவார்.

அடுத்தது விசாரணை. "செட்டு ஊட்டுல எங்க வெச்சிருக்கறீங்க?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. "ரேடியோ கேடாயிருச்சுன்னு வந்தா, இந்தாளு ஊட்டு நிலவரம் கேக்கறானே!" என்று சிலருக்குக் கோபம் வரும். அவர் அசைய மாட்டார். சமையலறைச் சுவரை ஒட்டி வைத்திருந்தால் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே போய், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு கரகரக்கும். நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில் என்றால் எலி. மாங்காய் பழுக்கப்போடும் அறை என்றால் வெக்கையும் ஈரமும். "பாதி நோவு செட்டுல இல்லீங்க. ஊட்டுலதான் இருக்குது" என்பார்.

கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் திரும்புகிற முக்கில், தீவனக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே இருக்கிறது 'சென்னியப்பன் ரேடியோ ஒர்க்ஸ்'. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். கோடையில் ஊர் முழுக்க ரேடியோக்கள் உய்யென்று இரையத் தொடங்கும். தூக்கிக்கொண்டு வருகிறவர்களைச் சென்னியப்பன் வாசலிலேயே திருப்பி அனுப்புவார். "செட்டுக்குத் தாகமுங்க. எர்த்துக் கம்பி பொதைச்ச எடம் காஞ்சு கெடக்கும். ரெண்டு கொடம் தண்ணி ஊத்திப்போட்டுக் கேளுங்க." சிரித்துக்கொண்டே போவார்கள். மறுநாள் அந்த வழியாகப் போகும்போது சைக்கிளிலிருந்து இறங்காமலே, "குடிச்சுப்போட்டுப் பாடுதுங்க!" என்று கத்திவிட்டுப் போவார்கள்.

ரேடியோ பழுது பார்ப்பவர் மேல் ஊருக்கு ஒரு சந்தேகம் உண்டு. உள்ளே இருக்கும் நல்ல சாமானை உருவிக்கொண்டு, ஓட்டைச் சாமானைச் சொருகிவிடுவான் என்று. அதனால் சென்னியப்பன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். பின்பலகையைக் கழற்றும்போது டார்ச் லைட்டைச் செட்டுக்குச் சொந்தக்காரர்தான் பிடிக்க வேண்டும். உள்ளிருந்து எடுத்தது எதுவானாலும் ஒரு சிரட்டையில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுவார். தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆன கறுப்புத் தேங்காய்ச் சிரட்டை அது. காகிதமாய்க் காய்ந்த பல்லி, கரப்பான் முட்டை, கருகின ஒயர், எல்லாம் அதில் வந்திருக்கின்றன. ஒருமுறை ஒரு மூக்குத்தி வந்தது. அதைத் திருடியதாகச் சொல்லி ஒரு வேலைக்காரியை அந்த வீட்டார் விரட்டி ஒரு வருசம் ஆகியிருந்தது. சென்னியப்பன் அதையும் சிரட்டையில் போட்டார். சிரட்டையை நீட்டினார், அவ்வளவுதான். "வாயில சொன்னாச் சண்டைக்கு வருவாங்க. கண்ணுல பாத்தா வாயே தொறக்க மாட்டாங்க."

பணிவான மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. வெளியூருக்குச் செட்டுப் பார்க்கக் கூப்பிட்டால் வருவார். ஆனால் திருப்புளியும் குறடும் கிடக்கிற ஆயுதப் பெட்டியைக் கூப்பிட்டவர்தான் தூக்கி வர வேண்டும். ரேடியோவைக்கூட ஒரு பக்கம் பிடித்து இறக்க மாட்டார். "டாக்டரு பொட்டி தூக்கிப் பாத்திருக்கறீங்களா?" என்று கேட்பார். கையில் குடை ஒன்றுதான் இருக்கும்.

அவரே சாமான் வாங்கி, பலா மரத்தில் கூடு அடித்து, ரேடியோ பூட்டியும் விற்கிறார். அதற்கு ஊர் வைத்த பெயர் சென்னி செட்டு. அதைப்பற்றி அவருக்கு ஒரே ஒரு வாசகம்தான். "கம்பெனிச் செட்டு கேடாகும். சென்னி செட்டு கேடாகாது, கெடுத்தாத்தான் கேடாகும்." இந்த விசயத்தில் அவர் மனைவி மயிலாத்தாளுக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. "கல்லுத் தடுக்கி உளுந்தாக்கூட, கல்லுக்குக் கண்ணு தெரியலைம்பாரு எங்கூட்டுக்காரரு."

இந்த வருசம் சரஸ்வதி பூசை கழிந்ததும் ஒரு சென்னி செட்டின்மேல் புகார் வந்தது.

குப்பண்ணன் கொழிஞ்சாம்பாறையில் கடலை போடுகிற விவசாயி. வைகாசியில் மகள் கமலாத்தாளை முதலமடையில் ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தபோது, சீரோடு சீராக ஒரு சென்னி செட்டும் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தில் பூசைக்கு வைத்த கருவியை விஜயதசமிக் காலை வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். ஏர், அரிவாள், தராசு, பிள்ளைகளின் புத்தகம், எல்லாம் சாமி முன்னால் கிடக்கும். மாமியார் மருதாத்தாள் அவற்றோடு ரேடியோவையும் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டு, பூ சாத்தியிருந்தாள். விஜயதசமிக் காலை திருகினார்கள். விளக்கு எரிந்தது. சளிப் பிடித்த கிழவனைப்போல ஒரு கரகரப்பு. பிறகு ஒன்றுமில்லை.

பூசைக்கு வைத்த சாமான் எழுந்திருக்கவில்லையென்றால் வீட்டுக்கு ஆகாது. மருதாத்தாள் மருமகளைத் துணிப்பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டாள். "உங்கப்பன் பழைய செட்டுக்குப் பாலீசு போட்டுக் குடுத்துப்போட்டான். அவனே வந்து அதப் பாட வெக்கட்டும். அப்பறம் நீ வா."

குப்பண்ணன் கடைக்கு வந்து முக்காலியில் உட்காராமல் நின்றார். "என்ற புள்ள பொட்டியோட வந்து ஊட்டுல நிக்கறா. என்னப்பா சொல்றே?"

"சென்னி செட்டு கேடாகாதுங்க. கெடுத்திருப்பாங்க."

"அந்த வார்த்தையத்தான் அங்க வந்து சொல்லோணும். வா."

மறுநாள் கமலாத்தாளோடு மூன்று பேரும் முதலமடையில் பஸ் இறங்கித் தோப்பு வழியாக நடந்தார்கள். குப்பண்ணன் தலையில் மகளின் துணிப்பெட்டி, கையில் சென்னியப்பனின் ஆயுதப் பெட்டி. சென்னியப்பன் கையில் குடை.

"பொட்டி வாசல்லயே இருக்கட்டும்" என்றாள் மருதாத்தாள். "மொதல்ல அது பாடட்டும்." துணிப்பெட்டி களத்து வெயிலில் உட்கார்ந்தது. கோழி ஒன்று ஏறி நின்று பார்த்துவிட்டு இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்டைவீட்டார் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். மகன், கமலாத்தாளின் புருசன், தோப்பு வேலையாகப் போயிருந்தான். மருதாத்தாளே பேசினாள். "அதுக்கு நான் என்ன கொறை வெச்சேன்? வெடியால எந்திரிச்சா மொதல்ல அதத்தான் தொடைப்பேன். பெத்த மவனக்கூட அப்படிப் பாத்ததில்லீங்க. அது என்னைய ஏமாத்திப் போட்டுதே!" சொல்லும்போது அவள் குரல் நிஜமாகவே உடைந்தது.

ரேடியோ உள்ளறை மூலையில், சந்தனம் காய்ந்து வெடித்த முகத்தோடு இருந்தது. சென்னியப்பன் பின்பலகையை மோந்தார். அரக்கு வாடை இல்லை. எலியும் இல்லை. இத்தனை வருசத்தில் எந்தச் செட்டிலும் வராத ஒரு வாசம், பாகு காய்ச்சிய அடுப்பங்கரை வாசம். மூக்கை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"டார்ச்சு ஆருங்க புடிக்கறது?"

"அவளே புடிக்கட்டும். அவிகப்பன் குடுத்ததுதானே" என்றாள் மருதாத்தாள் வாசலிலிருந்து.

கமலாத்தாள் குனிந்து வெளிச்சம் காட்டினாள். பலகை கழன்றது. எலுமிச்சங்காய் அளவு வெல்லக்கட்டி ஒன்று, பாதி உருகி, வால்வுகளின் காலடியில் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் மாற்றும் திருகோடு திரும்புகிற தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் திரும்ப வேண்டியவை. அவற்றின் இடுக்கெல்லாம் செத்த எறும்பு. உயிரோடிருந்தவை ஒயர் வழியாக வரிசையாக வந்துபோய்க்கொண்டிருந்தன.

"வெல்லமுங்களா?" என்றாள் கமலாத்தாள், மூச்சோடு மூச்சாக. பிறகு அவளே சொன்னாள். "பூசையன்னிக்கு அத்தைதானுங்க. உள்ள குட்டி குட்டியா வெளக்கு எரியுதே, சாமி உள்ளதான் இருக்குமுன்னு... பொரியும் பழமும் மேல வெச்சாங்க. வெல்லத்த மட்டும் ஒயரு வர்ற பெரிய ஓட்டை வழியா உள்ள போட்டாங்க."

"நீ பாத்துட்டா இருந்தே அம்மிணி?"

"நல்லதுன்னுதானுங்க நானும் நெனச்சேன்."

சென்னியப்பன் வெல்லத்தைப் பெயர்த்துச் சிரட்டையில் போட்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது. கெடுத்தாத்தான் கேடாகும்! களத்தில் குப்பண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "என்னப்பா இருக்குது? சிரட்டையக் கொண்டா! நாலு பேரு பாக்கட்டும்!"

"கொண்டாரட்டும், கொண்டாரட்டும்" என்றாள் மருதாத்தாள். "பழைய சாமானத்தான் கொண்டாருவான்."

அவர் சிரட்டையோடு எழுந்தார். டார்ச் அணைந்தது.

பேட்டரி தீர்ந்துவிட்டதென்று நினைத்துத் திரும்பினார். கமலாத்தாளின் கட்டைவிரல் பித்தான்மேல் இருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. கதவு வழியாகத் தெரிந்த களத்தை, அதன் நடுவே இருந்த துணிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதானுங்க மாமா நான் இருக்கோணும்" என்றாள்.

சென்னியப்பன் மறுபடியும் உட்கார்ந்தார். "வெளிச்சம் புடி" என்றார். ஸ்பிரிட்டில் தூரிகையை நனைத்துப் பிசுக்கைக் கழுவினார். தகட்டிடுக்கில் ஊதி ஊதி எறும்பை வெளியேற்றினார். வெல்லக்கட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிரட்டை காலியாக இருந்தது. ஆயுதப் பெட்டிக்குள் பழைய சாமான் போட்டுவைக்கிற மூக்குப்பொடி டப்பா இருந்தது. அதைத் திறந்தார். மூடினார். மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் திறந்து, என்றைக்கோ எவர் செட்டிலிருந்தோ எடுத்த, கருகிப்போன ஒரு ரெசிஸ்டரைப் பொறுக்கிச் சிரட்டையில் போட்டார்.

களத்துக்கு வந்து நீட்டினார். பீடித் துண்டு அளவில் கரிக்கட்டையாகக் கிடந்ததை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன இது?" என்றாள் மருதாத்தாள்.

"ரெசிஸ்டருங்க. கருகிப்போச்சு. செட்டு புதுசுதானுங்க. நான் போட்ட சாமான் மோசம்."

மயிலாத்தாள் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். குப்பண்ணன் நம்பினார். "அட, போடா இவனே! சென்னி செட்டு கேடாகாதுன்னு ஊரெல்லாம் தண்டோராப் போட்டயே! உன்னைய நம்பி எம்புள்ளைக்கு வாங்கிக் குடுத்தேன் பாரு!" சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர், "நாங்க தீவாளிக்கு ஒண்ணு பூட்டச் சொல்லலாமுன்னு இருந்தோம். இனிப் பொள்ளாச்சிக்கே போயிக்கலாம்" என்றார். இன்னொருவர், "டாக்டரே நோவு குடுத்தா ஆருகிட்டப் போறது?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்கவைத்தார். சென்னியப்பன், "ஆமாங்க" என்றார். எதற்கு என்று தெளிவில்லை. எல்லாவற்றுக்கும் போலத்தான் இருந்தது.

திருகினதும் கோயமுத்தூரிலிருந்து நாதசுரம் வந்தது. மருதாத்தாள் ஓடிப்போய் ரேடியோவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எந்திரிச்சிருச்சு! எந்திரிச்சிருச்சு, சாமி!" அப்புறம் குப்பண்ணனைப் பார்த்து, "உங்க மேல தப்பில்லீங்க சம்பந்தி. செஞ்சவன் செரியில்ல" என்றாள். மூன்று நாளாக அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஆனாலும் கோபம் இன்னொருவர் மேல் ஏறிவிட்டதால் அவர் அதைச் சரியாக அனுபவிக்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. உன்ற பொட்டிய நீயே தூக்கிட்டு வா" என்று சென்னியப்பனிடம் சொல்லிவிட்டுத் தோப்புக்குள் இறங்கிவிட்டார்.

சென்னியப்பன் பின்பலகையைப் பூட்டினார். ஒயர் வருகிற ஓட்டையைச் சுற்றித் தகரத் துண்டு ஒன்றை வெட்டி, ஒயர் மட்டும் நுழைகிற மாதிரி ஆணி அடித்தார்.

"அதெதுக்கு?" என்றாள் மருதாத்தாள்.

"சாமிக்கு வாசல் முன்னாடிதானுங்க அம்மா. பொறவால ஒண்ணும் வெக்க வேண்டாமுங்க."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் சட்டைப் பையின் விளிம்பில் ஓர் எறும்பு ஏறி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மருதாத்தாள் அவற்றைப் பார்த்தாள். ரேடியோவைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து, அவர் கையில் கொடுக்காமல், அவருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மோரைக் குடித்துவிட்டு அவர் ஆயுதப் பெட்டியைக் களத்தில் கொண்டுவந்து வைத்தார். ஆயுதப் பெட்டியும் துணிப்பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் இருந்தன. குடையைச் சுவரில் சாய்த்தார். குனிந்து துணிப்பெட்டியைத் தூக்கித் தோளில் ஏற்றி, தாழ்ந்த நிலைப்படியில் தலை இடிக்காமல் உடம்பை வளைத்து உள்ளே போய், நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தார். பிறகு நிமிர்ந்து, கழுத்தில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டார்.