யாருக்கு என்று முதலில் கேட்ட பெட்டி

1987 நவம்பர் 14, சனிக்கிழமை, மாலை நாலு இருபது. போடியில் அடைமழை; தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதுகூடக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டிய 'கம்ப்யூட்டர் ரூமில்', ஏலக்காய் மணத்துக்கு நடுவே, என் அத்தை மகள் செல்வி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மச்சான், மூணு நாள் கணக்கு பூராம் போச்சு."

நாங்கள் இருவரும் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் வேலை பார்த்தோம். எனக்கு வயது இருபத்திரண்டு. எடைச்சீட்டு எழுதுவேன், அதை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மூன்று வருடமாக அவள் பழகிய பெட்டி, சி.பி.எம். என்ற சிஸ்டத்தில் ஓடியது. ஊரெல்லாம் 'டாஸு'க்கு மாறி, பழையதற்குப் புரோகிராம் எழுத மதுரையிலும் ஆள் கிடைக்காமல் போகவே, முதலாளி அந்த வாரம்தான் டாஸ் பெட்டி ஒன்றை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஓரங்கட்டிய பழையதைச் செல்வி தினமும் துடைப்பதைப் பார்த்து, "ஏ ஆத்தா, அதுக்கு மாலையப் போட்டு, பாலூத்திக் காடாத்திருவமா?" என்று கேலி செய்வார். புதியது அவளுக்குப் படியாவிட்டால், மதுரையில் டாஸ் படித்த தன் அக்காள் மகனை அந்த நாற்காலியில் உட்காரவைப்பதாகவும் சொல்லியிருந்தார்.

ஒரு பிளாப்பியிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கைப் படியெடுக்க, பழைய சிஸ்டத்தில் போய்ச் சேர வேண்டிய பிளாப்பியை முதலில் சொல்லி, எதிலிருந்து என்பதைப் பிறகு சொல்ல வேண்டும். டாஸில் தலைகீழ். செல்வியின் விரல்கள் பழைய முறைப்படியே ஓட, புதன்கிழமை எடுத்துவைத்த படி, சனிக்கிழமை வரையிலான கணக்கை அழித்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"பழசு எம்புட்டு மருவாதியா யாருக்குன்னு மொதல்ல கேக்கும். பெறகுதான் எதன்னு கேக்கும். இதுக்கு அந்த நெதானம் இல்ல மச்சான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விவசாயிகளுக்குப் பட்டுவாடா. ஞாயிறு காலை தொடங்கி நான் சீட்டுகளை வாசிக்க வாசிக்க அவள் அடித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். அவள் பழக்கத்துக்காக ஊரையும் பேரையும் முதலில் சொல்லிவிட்டு, எடையைப் பிறகு சொன்னேன். நூறைத் தாண்டியபின் நான் மூச்சு விடும் இடம்கூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் முதலாளி வந்து நின்றார். "என்னப்பா, ஞாயித்துக்கெழமையும் சோலியா?"

கரண்டு போனதாகச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், "நான்தான் அழிச்சேன் மொதலாளி. திரும்ப ஏத்திட்டேன்," என்றாள் செல்வி.

அவர் திரையையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏத்தத் தெரிஞ்சவ இருக்கட்டும். அவன் மதுரையிலயே கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு இரண்டு காப்பி சொல்லி அனுப்பினார்.

தை மாதம் பழைய பெட்டி காயலான் கடைக்குப் போகவிருந்த அன்று செல்வி சாப்பிடவில்லை. நான் விலை பேசி அதை வாங்கினேன். சித்திரையில் எங்களுக்குக் கல்யாணம்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பிளாப்பி விற்றவரும் இல்லை, பெட்டியை ரிப்பேர் பார்த்தவரும் இல்லை. திரை ஒளிர்வது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் செல்வி வெள்ளிக்கிழமைதோறும் துடைக்கிறாள். எதையும் கூட்டிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாங்கிய விலை, ரிப்பேர் கூலி, வீடு மாறும்போதெல்லாம் கொடுத்த வண்டி வாடகை என்று நேற்று ஒரு தாளில் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள்.

"தொகையப் பெறகு போடுங்க மச்சான். மொதல்ல யாருக்குன்னு எழுதுங்க."

எழுதினேன். செல்விக்கு. ரூபாய் நாலாயிரத்து நூற்று எண்பத்தாறு.