கதை கேட்ட முனி

தொண்ணூறுகளில் அலோர் காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். வாய் மட்டும் நிற்காது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்க நிற்கும்போது நான் ஏதாவது சொல்வேன், கூட்டம் சிரிக்கும். அதை நம்பிக் கோயில் தலைவர் திருவிழா நாடகத்தை என் தலையில் கட்டினார்.

"வயிறு வலிக்கச் சிரிக்கணும்லா. ஒன்னால முடியலன்னா சொல்லு, மலாக்காவுலேருந்து டான்ஸ் குரூப்ப கூப்பிட்டுர்றேன்."

டான்ஸ் வந்தால் அப்புறம் பெரட்டில் எந்த முகத்தோடு நிற்பது? யோசித்தேன். ஒன்றுமே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ரேடியோவில் ஒருவர் பேசினார். கற்பனை ஊற வேண்டுமானால் நல்லபடியாக வாழ வேண்டுமாம். விடியுமுன் எழ வேண்டும். எங்கள் தோட்டத்தில் சேவலை எழுப்புவதே நாங்கள்தான். மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும்; அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. அவர் சொன்னதில் என்னிடம் இல்லாதது மௌனமும் சைவமும்தான். கதை எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அன்றே வாயை மூடினேன்.

பெரட்டில் வம்புக்கு இழுத்தார்கள். வானத்தைப் பார்த்தேன். பசியாறும் நேரத்தில் தனியாக ஒரு மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். தூக்கம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மனைவி கோழிக்கறி வைத்தாள். தட்டைத் தள்ளினேன். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு, என்னைப் பூசாரியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணே, மரத்தடியில இவர எதுவோ பிடிச்சிருச்சு. பேச மாட்டேங்குறாரு. அது பரவால்ல, வீடு நிம்மதியா இருக்கு. கோழிய வேணாங்குறாருண்ணே!"

பூசாரி வேப்பிலைக் கொத்தை எடுத்தார். விஷயம் தெரிந்து பாதித் தோட்டம் கோயில் வாசலில் கூடிவிட்டது.

"யாருடா நீ? எந்த மரத்து முனி?"

நான் மௌனம் காத்தேன். அடி விழுந்தது. மறுபடியும் காத்தேன். அடுத்த அடியில் மௌனம் தானாகக் கலைந்தது.

"ஐயோ, விடுங்கண்ணே!"

"என்ன வேணும், சொல்லு!"

"ஒரு கதை வேணும்ணே!"

பூசாரியின் கை அந்தரத்தில் நின்றது. "சாராயம் கேக்குற முனியப் பாத்திருக்கேன், சுருட்டு கேக்குற முனியப் பாத்திருக்கேன். கதை கேக்குற முனிய இப்பத்தான்லா பாக்குறேன்."

வாசலில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் தேடிய சிரிப்பு அதுதான். வீட்டுக்குப் போய்க் கோழியை முடித்துவிட்டு, கை கழுவியதும் தலைவரிடம் ஓடினேன். நடந்ததையே நாடகமாக்கி, எழுத வராததால் எல்லோருக்கும் வாயாலேயே சொல்லிக்கொடுத்தேன். பூசாரி வேஷம், லோரி ஓட்டும் என் மச்சானுக்கு.

திருவிழாவில் மேடை ஏறினோம். கூட்டத்தைப் பார்த்ததும் மச்சான் அடிப்பதை மறந்து, வேப்பிலையால் எனக்கு விசிற ஆரம்பித்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் முகம் சுருங்குவது மேடையிலிருந்தே தெரிந்தது. முன்வரிசையில் இருந்த நிஜப் பூசாரிக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறினார்.

"தள்ளுடா. இப்படி அடிச்சா இவனுக்கு எறங்காது."

இறக்கினார். நான் ஓட, அவர் துரத்த, கூட்டம் பெஞ்சு மேல் ஏறி நின்று சிரித்தது. தலைவர் கண்ணைத் துடைத்தபடி மேடைக்கு வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய்ப் பூசாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அடுத்த வருஷ நாடகமும் நீங்கதான் பூசாரி. அடி வாங்க இவன் இருக்கான்லா."