தோல் அட்டை போட்ட பதிவேடுகள்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலேஜில் இருபத்தாறு வருஷமாக ரெக்கார்டு குமாஸ்தா ஆரோக்கியசாமி. பையன்களின் பேரும் பிறந்த தேதியும் ஏறும் அட்மிஷன் பதிவேடுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த மனுஷன். என்ன பிரயோஜனம்?

1929-இல் ரெண்டு பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது. மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. மச்சினன் ஞானமுத்து தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. அவனிடம் போய், கழித்துப் போட்ட ஆட்டுத்தோல் கேட்டார், பதிவேடுகளுக்கு அட்டை போட.

"இது சரியா பதமாவல மாமா. செருப்புக்கே ஆவாது."

"புஸ்தகம் இன்னா நடக்கவா போவுது? குடுடா."

தானே பசை காய்ச்சி அத்தனைக்கும் தோல் அட்டை ஒட்டினார். பீரோவில் வைத்துப் பூட்டியவர் ரெண்டு வருஷம் திறக்கவே இல்லை. திறந்தால் பூச்சி புகுந்துவிடுமாம்! அட பாவி மனுஷா, நீதானே அதைத் தோலோடு உள்ளே வைத்துப் பூட்டினாய்?

1931 ஆவணியில் பழைய மாணவன் அமீர் பாஷா வந்தான். சர்க்கார் ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. இருபத்தைந்து வயசு தாண்டவில்லை என்று திங்கட்கிழமைக்குள் காட்ட வேண்டும். தகப்பனார் இல்லை, பிறந்த தேதிக்கு இந்தக் காலேஜ் பதிவேட்டை விட்டால் வேறு அத்தாட்சியும் இல்லை.

"அதுக்கு இன்னா தம்பி, அஞ்சே நிமிஷம்," என்று பெருமையாக பீரோவைத் திறந்தார்.

குப்பென்று நாற்றம். அட்டைக்குள்ளிருந்து வண்டுகள் பொலபொலவென்று கொட்டின. அமீர் பாஷா சேர்ந்த 1924-ஆம் வருஷத்துத் தாள்கள் சல்லடையாகிக் கையிலேயே உதிர்ந்தன. ஆரோக்கியசாமி அவனையும் இழுத்துக்கொண்டு பிரின்சிபாலிடம் ஓடினார்.

"1907, ஜூலை ஒம்பது சார். நானே எழுதினேன், நல்லா ஞாபகம் இருக்கு!"

"உங்க ஞாபகத்துக்கு நான் சீல் வைக்க முடியாது. பதிவேட்டில் இல்லைன்னு எழுதிக் குடுங்க."

அமீர் பாஷா ஆரோக்கியசாமியின் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க அப்பா கட்டைவிரலைப் புடிச்சு ரேகை வெச்சீங்களே சார்!"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. ஆனாலும் உட்கார்ந்து எழுதினார், பதிவேட்டில் எழுதிய அதே குண்டு குண்டான கையெழுத்தில்: 'அமீர் பாஷா என்ற மாணவர் இங்கே படித்ததாகப் பதிவேடுகளில் காணப்படவில்லை.'

காகிதம் வாங்குகிறவர்கள் தபால் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது வழக்கம். பேர், யார் என்று ரெண்டு கட்டம். அமீர் பாஷா பேனாவை வாங்கினான். முதல் கட்டத்தில் பேரை எழுதினான். அடுத்ததில் 'இக்கல்லூரியின் பழைய மாணவன்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அதை அடிக்கச் சொல்லவும் ஆரோக்கியசாமிக்கு நாக்கு எழவில்லை, சரி என்று சொல்லவும் எழவில்லை.